நான்கு பேருக்குக் கட்டி, ஒருவருக்குப் புற்று

என் கணவருக்கு இரண்டு கைகளிலும் சேர்த்து ஏழு கட்டிகள் உண்டு. கல்யாணத்தின்போதே நான்கு இருந்தன. கைத்தலம் பற்றும்போது முழங்கைக்குக் கீழே ஒன்று விரலில் தட்டுப்பட்டு நான் திடுக்கிட்டது இன்னும் நினைவிருக்கிறது. "கொழுப்புக் கட்டி, எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு" என்று சாதாரணமாகச் சொன்னார். உண்மைதான். லைப்போமா என்கிற இந்தக் கட்டிகள் சில குடும்பங்களில் வழிவழியாக வரும். தொட்டால் பிசைந்த சப்பாத்தி மாவை தோலுக்கு அடியில் வைத்த மாதிரி மெத்தென்று இருக்கும், அழுத்தினால் நழுவும். இருபது வருடத்துக்கு மேலாக அவை அப்படியே கிடக்கின்றன. கட்டி என்றால் பயப்படத் தேவையில்லை என்று அந்தக் கைகள் எங்களைப் பழக்கிவிட்டன. பின்னால் அதுதான் வினையானது.

பயம் முதலில் வந்தது மகளுக்காக. 2021 ஆகஸ்ட். கல்லூரி ஆன்லைனில் நடந்துகொண்டிருந்ததால் வீட்டில்தான் இருந்தாள், 20 வயது. குளித்துவிட்டு வந்தவள், "அம்மா, இங்க ஒரு கோலிக்குண்டு மாதிரி இருக்கு" என்று என் கையை எடுத்து மார்பின் ஓரத்தில் வைத்தாள். இருந்தது. அன்று இரவு போனில் தேடித் தேடிப் படித்து, விடிவதற்குள் அவளுக்கு நானே நான்காம் ஸ்டேஜ் முடிவு செய்துவிட்டேன். என் அம்மாவிடம் சொன்னால், "யார்கிட்டயும் மூச்சு விடாத, வரன் பார்க்கிற நேரம்" என்கிறார். பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்பதற்கு முன்னால் ஊருக்கு என்ன தெரியுமோ என்பது வந்து நிற்கிறது, என்ன செய்வது.

ஈரோட்டில் ஒரு பெண் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போனோம். அவர் கையால் பார்த்துவிட்டு, "விரலுக்கு அடியில வழுக்கிட்டு ஓடுது பாருங்க, இந்த வயசுல பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமாவாத்தான் இருக்கும்" என்றார். அது தீங்கில்லாத ஒரு மார்புக் கட்டியாம். எனக்கு உயிர் வந்தது. உடனே அடுத்த வாக்கியத்தில், "ஆனா என் கை சொல்றது மட்டும் போதாது. கை, படம், செல், மூணும் ஒரே பதிலைச் சொல்லணும். ஒண்ணு மாத்திச் சொன்னாலும் நான் விடமாட்டேன்" என்றார். அந்த வாக்கியத்தை அன்று காதில் போட்டுக்கொண்டேன், மனதில் போட்டுக்கொள்ளவில்லை.

மார்புக்கான எக்ஸ்ரேயான மாமோகிராம் எடுக்கவில்லை. இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் அதில் கட்டி தெளிவாகத் தெரியாதாம், அல்ட்ராசவுண்டுதான் சரி. ரிப்போர்ட்டில் 18க்கு 11 மில்லிமீட்டர், முட்டை வடிவம், ஓரம் வழவழப்பு, தோலுக்கு இணையாகப் படுத்த வாக்கில் இருக்கிறது என்று எழுதி, கடைசியில் பைராட்ஸ் 3 என்று போட்டிருந்தார்கள். 3 என்றதும் எனக்கு மூன்றாம் ஸ்டேஜ் என்று தோன்றிவிட்டது. அப்படி இல்லை. அது படத்தைப் பார்த்துச் சந்தேகத்தின் அளவைச் சொல்லும் எண். 2 என்றால் நிச்சயம் சாதாக் கட்டி. 3 என்றால் புற்றாக இருக்க 2 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். 4 என்றால் ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் (பயாப்சி) பார்த்தே ஆக வேண்டும், அதற்குள்ளேயே 2 சதவீதத்திலிருந்து 95 வரை அகலமான இடைவெளி இருக்கிறது. 5 என்றால் அநேகமாகப் புற்று. 4 வந்துவிட்டது என்று அழுதுகொண்டு எனக்குப் போன் செய்த தோழி ஒருத்திக்குக் கடைசியில் வந்தது சாதாக் கட்டிதான்.

ஆறு மாதம் காத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். என்னால் முடியவில்லை. என் தூக்கத்துக்காக மகளுக்கு ஊசி போட வைத்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். டிரூகட் பயாப்சி. மரத்துப்போகச் செய்துவிட்டு, ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம். சேமியா மாதிரி நாலைந்து துணுக்குகள் சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் பாட்டிலுக்குள் விழுந்தன. ஐந்தாம் நாள் ரிப்போர்ட். கொழுந்தனார்தான் போய் வாங்கினார். வழியிலேயே படித்திருக்கிறார், 'நியோப்ளாசம்' என்று ஒரு சொல் கண்ணில் பட்டிருக்கிறது. போனில் தேடியிருக்கிறார், அது புற்றுநோய்ப் பக்கத்தைக் காட்டியிருக்கிறது. பேயறைந்த முகத்தோடு வந்து நின்றார். அந்தச் சொல்லுக்கு முன்னால் 'பினைன்' என்று இன்னொரு சொல் இருந்ததை அவர் பார்க்கவே இல்லை.

அன்று மருத்துவர் பத்து நிமிடம் ஒதுக்கி எங்களுக்குப் பாடமே எடுத்தார். நியோப்ளாசம், ட்யூமர் இரண்டுக்கும் புதிதாக வளர்ந்தது, கட்டி என்பதற்கு மேல் பொருள் இல்லை. லீஷன் என்றால் ஏதோ ஒரு மாற்றம் தெரிகிற இடம், அவ்வளவுதான். பினைன் என்றால் தீங்கற்றது. மாலிக்னன்ட் என்றால் புற்று. எல்லாப் புற்றும் கட்டியாக வருவதில்லை, இரத்தப் புற்றில் கட்டியே இருக்காது. எல்லாக் கட்டியும் புற்று இல்லை. தமிழில் நமக்கு இன்னும் சிக்கல், சீழ்க்கட்டி, நீர்க்கட்டி, கொழுப்புக் கட்டி, நார்க்கட்டி, புற்றுக்கட்டி எல்லாமே கட்டிதான்.

வித்தியாசம் எங்கே? தீங்கற்ற கட்டி பெருக்கும், பக்கத்துச் சதையை ஒதுக்கித் தள்ளும், உள்ளே நுழையாது. பல சமயம் தன்னைச் சுற்றி ஒரு உறை போட்டுக்கொள்ளும். அதன் செல்கள் அது முளைத்த திசுவின் செல்களைப் போலவே ஒழுங்காக இருக்கும். புற்றுக்கட்டி பக்கத்துச் சதைக்குள் ஊடுருவும். இரத்தக் குழாய் வழியாகவோ நிணநீர் வழியாகவோ கிளம்பிப் போய் நுரையீரலிலோ கல்லீரலிலோ எலும்பிலோ குடியேறும். அளவோ வலியோ இதைத் தீர்மானிப்பதில்லை. எலுமிச்சை அளவு கட்டி சாதாவாக இருக்கலாம், மிளகு அளவு கட்டி கெட்டதாக இருக்கலாம்.

மகளின் கட்டியை எடுக்கவில்லை. எடுத்துத் தழும்பு வாங்குவதற்கு அவசியமில்லை என்றார். அதன் பிறகு ஆறாம் மாதமும், ஒரு வருடம் கழித்தும், இரண்டு வருடம் கழித்தும் ஸ்கேன் பார்த்தோம், மாற்றமில்லை.

இத்தனையும் கற்றுக்கொண்ட அதே வீட்டில்தான் அடுத்தது நடந்தது.

2022 பொங்கல் சமயம். அத்தை கட்டிலில் உட்காரும்போது இடது தொடையின் பின்பக்கம் ஏதோ அழுத்துகிறது என்றார். அப்போது அவருக்கு 58. என் கணவரின் அம்மா. மஞ்சள் காட்டில் குனிந்து களை எடுத்துப் பழகிய கால். "வலிக்குதுங்களா அத்தை?" என்று கேட்டேன். "இல்ல கண்ணு, ஒண்ணும் பண்ணல" என்றார். என் கணவர் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் கையைக் காட்டி, "இதேதான்" என்றார். முடிந்தது. மகளுக்கு மூன்று சோதனை செய்த எங்களில் ஒருவருக்கும் அத்தைக்கு ஒரு ஸ்கேன் எடுக்கத் தோன்றவில்லை. வலி இல்லை, மார்பு இல்லை, கல்யாண வயசு இல்லை. உண்மையான காரணம் இந்த மூன்றும்தான், ஒளித்து என்ன ஆகப் போகிறது.

ஜூனுக்குள் அது ஒரு மாங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஒரு நர்ஸிங் ஹோம். அங்கிருந்த மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்து, கொழுப்புக் கட்டிதான், மரக்க ஊசி போட்டு அரைமணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்றார். ஸ்கேன் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அரைமணி நேரம் இரண்டு மணி நேரம் ஆனது, கட்டி நினைத்ததைவிட ஆழத்தில் இருந்ததாம். எடுத்ததை ஒரு ட்ரேயில் வைத்து என் கணவரிடம் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னார்: "கொழுப்புன்னா மஞ்சளா வெண்ணெய் மாதிரி இருக்கும்னு நெனச்சேன். இது நுங்கு மாதிரி வழவழன்னு இருந்துச்சு." டெஸ்டுக்கு அனுப்பணுமா என்று கேட்டாராம். சாதாக் கட்டிக்கு எதுக்கு வீண் செலவு என்று பதில் வந்திருக்கிறது. எங்களுக்கும் செலவு மிச்சம் என்ற சந்தோஷம்தான். அந்த நுங்கு எங்கே போனது என்று தெரியாது, குப்பைக்குத்தான் போயிருக்கும்.

எட்டாவது மாதம் தையல் தழும்பின் ஓரத்தில் இரண்டு முடிச்சுகள் எழும்பின. இந்த முறை மகள்தான், "என் டாக்டரம்மாகிட்டப் போங்க" என்று பிடிவாதம் பிடித்தாள்.

அந்த மருத்துவர் தழும்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. முதல் கேள்வி, "எடுத்தப்போ வந்த பயாப்சி ரிப்போர்ட் எங்கே?" இல்லை என்றதும் பேனாவை மூடி வைத்தார். "இதுக்கு நான் ஊசி போடமாட்டேன். கோயம்புத்தூர்ல இதையே வேலையா செய்யற கேன்சர் சர்ஜன்கிட்ட போங்க. யார் ஆபரேஷன் செய்யப் போறாங்களோ, அவங்கதான் ஊசி எந்த இடத்துல போகணும்னு முடிவு பண்ணணும்" என்றார். அப்போது அது தட்டிக்கழிப்பது போலத்தான் இருந்தது. இப்போது யோசித்தால், அன்று அவர் செய்ததிலேயே பெரிய உதவி தன் கையைக் கட்டிக்கொண்டதுதான்.

கோவையில் முதலில் எம்ஆர்ஐ, பிறகுதான் பயாப்சி. வரிசை முக்கியம். ஊசி போட்டால் உள்ளே இரத்தக் கசிவு ஆகும், அதன் பிறகு எடுக்கிற படம் குழப்பும். ரிப்போர்ட் வர பத்து நாளுக்கு மேல் ஆனது, கூடுதலாகச் சில சாயங்கள் ஏற்றிப் பார்த்தார்கள். மிக்ஸாய்டு லைப்போசார்க்கோமா, கொழுப்புத் திசுவில் வரும் ஒரு வகைப் புற்று. பெயரைக் கேட்டதும் என் கணவர், "அப்போ கொழுப்புக் கட்டிதான் முத்திப்போய்ப் புற்றா மாறிடுச்சா? என் கையில இருக்கறதும் மாறுமா?" என்றார். நான் கேட்க நினைத்ததும் அதுதான். மருத்துவர் இல்லை என்றார். லைப்போமா லைப்போசார்க்கோமாவாக மாறுவது மிக மிக அபூர்வம். அத்தையுடையது முதல் நாளிலிருந்தே வேறு ஜாதி. நாங்கள்தான் தப்பான பெயர் வைத்திருந்தோம்.

அடுத்து அவர் சொன்னதுதான் வயிற்றைப் பிசைந்தது. முன்பு போட்ட தையல் தொடையின் குறுக்கே இருந்தது. கை கால்களில் இப்படிச் சந்தேகக் கட்டி என்றால் நீளவாக்கில்தான் கீறுவார்கள். புற்று என்று தெரிந்து செய்யும் ஆபரேஷனில் கட்டியைத் தொடாமல், சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து மொத்தமாக எடுக்க வேண்டும். பழைய கீறல் போன இடமெல்லாம் செல் சிந்தியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அந்தத் தழும்பு முழுவதையும் சேர்த்து வெட்ட வேண்டும். குறுக்குத் தழும்பு என்பதால் இழக்கும் தோல் அதிகம்.

"கத்தி பட்டா பரவிடும்" என்று ஊரில் சொல்வார்களே, அதைப் பற்றி நான் அவரிடம் கேட்டேன். ஊசி போட்டுப் பயாப்சி எடுப்பதால் நோய் பரவிவிடும் என்பது பயம்தான் என்றார். ஊசி போன தடத்தையும் ஆபரேஷனில் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. முற்றிய பிறகு கத்தி வைத்து, அதன் பிறகு இறந்தவர்களைப் பார்த்து வந்திருக்கும். என்னவென்று தெரியாமலே வெட்டி, எங்கள் வீட்டு மாதிரி திரும்ப முளைத்ததைப் பார்த்தும் வந்திருக்கும். அத்தைக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஊசிக்குப் பயந்து நேராகக் கத்திக்குப் போனதுதான் தப்பு என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

கிரேடு, ஸ்டேஜ் இரண்டும் ஒன்றல்ல என்பதும் அங்கேதான் தெரிந்தது. மைக்ராஸ்கோப்பில் செல் எவ்வளவு தாறுமாறாக இருக்கிறது என்பது கிரேடு. உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். சதை, கொழுப்பு, எலும்பு போன்ற திசுக்களில் வரும் புற்றான சார்க்கோமா பெரும்பாலும் இரத்தம் வழியாக நுரையீரலுக்குத்தான் போகும் என்பதால் நெஞ்சுக்கு சிடி எடுத்தார்கள். இந்த வகை முதுகெலும்பிலும் போய் உட்காரும் என்று அதற்கும் எம்ஆர்ஐ. இரண்டிலும் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைக்காக நாங்கள் வைத்த வேண்டுதல்கள் இன்னும் முழுதாகத் தீரவில்லை, பண்ணாரி அம்மனுக்கு ஒன்று பாக்கி.

அத்தையிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. சதை வளர்ச்சி, லைட் வைத்துக் கரைக்கிறார்கள் என்று கதை கட்டியிருந்தோம். ஆபரேஷனுக்கு முன்னால் 25 நாள் ரேடியேஷன், வாரத்துக்கு ஐந்து நாள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு மிக்சர் பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னார், "வாசல்ல இத்தா பெரிசா புற்றுநோய் மருத்துவமனைன்னு போட்டிருக்குது. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதா கண்ணு?" நான் அழுதேன். அவர் அழவில்லை. "கோரை மாதிரிதானே? மேல புடுங்குனா போகாது, கிழங்கோட எடுக்கணும். அதைத்தானே செய்யறாங்க?" என்றார். மருத்துவர்கள் எனக்குப் படம் போட்டு விளக்கியதை அவர் களைக்கொத்து பிடித்த அனுபவத்தில் புரிந்துகொண்டிருந்தார். அதன் பிறகு எந்த ரிப்போர்ட்டையும் அவருக்குத் தெரியாமல் நாங்கள் வாங்கவில்லை.

ரேடியேஷன் முடிந்து ஐந்து வாரம் கழித்து ஆபரேஷன். அடுத்த தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ரேடியேஷன் பட்ட சதை என்பதால் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. எடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லை என்று வந்த ரிப்போர்ட்டை என் கணவர் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். கால் மாலையில் வீங்கும், குத்தவைத்து உட்கார முடியாது. முதலிலேயே ஒரு படமும் ஒரு ஊசியும் போட்டிருந்தால் இதில் பாதி இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றும். தோன்றும்போதெல்லாம் நர்ஸிங் ஹோம் மேல் வருகிற அதே கோபம் எங்கள் மேலும் வரும்.

நான்காவது கட்டி என்னுடையது. அத்தையின் சிகிச்சை முடிந்த கையோடு கொழுந்தனார் பதறிப்போய் வீட்டில் எல்லோருக்கும் 'கேன்சர் மார்க்கர்' அடங்கிய பேக்கேஜ் இரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டினார். எனக்கு சிஏ 125 என்ற ஒன்று 35க்குள் இருக்க வேண்டியது 52 வந்தது. மறுபடி ஒரு வாரம் தூக்கமில்லை. பார்த்தால் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. ஃபைப்ராய்டு என்கிற இந்த நார்க்கட்டி இருந்தாலும், கர்ப்பப்பையின் உள்சுவர் மாதிரித் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் அந்த எண் ஏறுமாம். இரத்தத்தில் ஒரு எண்ணை வைத்து யாருக்கும் புற்று என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நல்ல உடம்போடு இருப்பவர்கள் அந்தப் பேக்கேஜுக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பேசாமல் ஒரு மூட்டை பொன்னி அரிசி வாங்கலாம் என்பது என் கட்சி.

ஆனால் என் கட்டி சாதாக் கட்டி என்பதால் அது சும்மா இருந்தது என்று நினைக்க வேண்டாம். மாதாமாதம் கொட்டிய இரத்தத்தில் என் ஹீமோகுளோபின் 7.2க்கு வந்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதை வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தீங்கற்ற கட்டியும் இருக்கும் இடத்தைப் பொறுத்துத் தீங்கு செய்யும். மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்று இல்லை, ஆனால் மண்டையோட்டுக்குள் அது வளர இடம் ஏது? குடலில் வரும் பாலிப்பு என்ற சதை முளைகளில் சில இன்று சாதா, விட்டுவைத்தால் வருடங்கள் போகப் போகப் புற்றாகலாம், அதனால் கண்டதும் எடுத்துவிடுகிறார்கள். ஆக, "பினைன்" என்று வந்ததும் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைக்காமல், விட்டுவைக்கலாமா, எடுக்கணுமா, எப்போது திரும்ப வரணும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போதெல்லாம் சொந்தக்காரர்கள் கட்டி என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் மருத்துவர் இல்லை, வலிக்குதா என்றும் கேட்பதில்லை. வளர்கிறதா, 5 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா, தசையை இறுக்கினால் அசையாமல் நிற்கிறதா, எடுத்த இடத்திலேயே திரும்ப வந்ததா என்று கேட்பேன். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், கத்தி வைப்பதற்கு முன்னால் படமும் ஊசியும். மார்புக் கட்டி என்றால் எந்தக் கேள்வியும் இல்லை, எந்த வயதானாலும் காட்டிவிட வேண்டும். எந்தக் கட்டியை எடுத்தாலும் அது ஃபார்மலின் பாட்டிலில் லேபுக்குப் போனதா என்று தியேட்டர் வாசலிலேயே கேளுங்கள் என்பேன். ரிப்போர்ட் காகிதத்தோடு, கட்டியின் துணுக்கைப் பதித்து வைத்த ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கலாம். இன்னொரு மருத்துவமனையில் கருத்துக் கேட்க மறுபடி ஊசி குத்தாமல் அதுவே போதும் பெரும்பாலும். இது பலருக்குத் தெரியாது, நாங்களும் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம்.

அத்தைக்கு முதல் இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு சிடி, இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கோவைக்குப் போகிற நாளில் அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி சாப்பிடுவது அவருக்கு ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது.

போன மாதம் என் கணவரின் தோளுக்குப் பின்னால் எட்டாவது கட்டி ஒன்று தென்பட்டது. "பழைய ஆளுங்கதான், இன்னொருத்தன் வந்திருக்கான்" என்று சட்டையை மாட்டப் போனார். அத்தை அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கையை இறுக்கச் சொல்லி, கட்டியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு என் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துவரச் சொல்லி அளந்தார். மூன்றரை சென்டிமீட்டர்.

"அசையுதும்மா, மெத்துன்னுதான் இருக்குது" என்றார் அவர்.

"கை சொல்றது போதாதுன்னு அந்த டாக்டரம்மா சொல்லுச்சில்ல? ஸ்கேனுக்குப் போயிட்டு வந்து சாப்பிடு" என்று தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.